தியானம் பழகினால் ஒத்துணர்வு தானாக வருமா?

கேள்வி இது: "எம்.எஸ்சி. கவுன்சலிங் சைக்காலஜி இரண்டாம் வருடம் படிக்கிறேன். 'மைண்ட்ஃபுல்னஸ் பழகுங்கள், எம்பதி (ஒத்துணர்வு) தானாக வரும்' என்று போகிற பயிலரங்கில் எல்லாம் சொல்கிறார்கள். தினமும் இருபது நிமிடம் உட்காருகிறேன். ஆனால் இன்டர்ன்ஷிப்பில் எதிரே ஒருவர் அழும்போது என் மனம் எங்கோ போய்விடுகிறது. உண்மையிலேயே இரண்டுக்கும் தொடர்பு உண்டா? ஆதாரம் இருக்கிறதா? பத்து நாள் விபாசனா மௌனத் தியான முகாமுக்குப் போய் வந்தால் சரியாகுமா?"

"தானாக" என்ற ஒரு சொல்லை அடித்துவிட்டால், உங்களுக்குச் சொன்னது பாதி சரி. தொடர்பு இருக்கிறது, ஆதாரமும் ஓரளவு இருக்கிறது. ஆனால் அந்த ஆதாரத்தை நிதானமாகப் படித்தால், பயிலரங்கில் சொல்வதிலிருந்து அது சற்று விலகி நிற்பது தெரியும். இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலையில் இருக்கிறேன். அதில் பாதிக் காலம் உங்களைப் போன்ற மாணவர்களின் வெர்பேட்டிம் (செஷனில் பேசியதை வார்த்தைக்கு வார்த்தை எழுதிக் கொண்டுவருவது) திருத்துவதிலும் போயிற்று. அந்த அனுபவத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

எதிரே ஒருவர் அழும்போது மனம் "எங்கோ" போவதாக எழுதியிருக்கிறீர்கள். எங்கே போகிறது என்று பார்த்தீர்களா? என் மாணவர்களிடம் இதைக் கேட்டால் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொல்வார்கள். "அடுத்து என்ன கேக்கறதுன்னு யோசிச்சேன் மேடம்." "இதை வெர்பேட்டிம்ல எழுதினா நீங்க என்ன சொல்வீங்கன்னு தோணுச்சு." "என்னாலதான் அழறாங்களோன்னு பயமாயிடுச்சு." மனம் எங்கோ போகவில்லை, நேராகத் தன்னிடமே திரும்பி வந்துவிட்டது. அழுகிறவர் அங்கேயே இருக்கிறார். நாம்தான் நம்மைப் பற்றிய கவலையில் உட்கார்ந்திருக்கிறோம்.

நம் ஊரில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. யாராவது அழுதால் கை தண்ணீர்ப் பாட்டிலுக்குப் போகும், வாய் "அழாதீங்க, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லும். சாவு வீட்டில் கட்டிப்பிடித்துச் சேர்ந்து அழத் தெரிந்த நாம், மற்ற இடங்களில் அழுகையை நிறுத்தத்தான் பழகியிருக்கிறோம். அந்த "அழாதீங்க"வில் அன்பு இருக்கிறது, மறுக்கவில்லை. கூடவே, "நீங்கள் அழுவதை என்னால் தாங்க முடியவில்லை" என்பதும் அதற்குள் இருக்கிறது.

இதை ஆய்வாளர்கள் பிரித்தே பார்த்திருக்கிறார்கள். மார்க் டேவிஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களின் தொடக்கத்தில் உருவாக்கிய 28 வாக்கிய வினாத்தாள் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. உங்கள் டெசர்டேஷனுக்கு யாராவது அதைப் பரிந்துரைக்கக்கூடும். அதில் ஒத்துணர்வு ஒரே பொருள் அல்ல, நான்கு. அடுத்தவர் நிற்கும் இடத்திலிருந்து பார்ப்பது, அவர்மேல் அக்கறை கொள்வது, கதையில் வருகிறவர்களோடு ஒன்றிப்போவது, அடுத்தவர் தவிப்பைக் கண்டு தானும் தவித்துப்போவது. இந்த நான்காவதைத்தான் பலர் "எனக்கு எம்பதி ரொம்ப அதிகம், யாராவது அழுதா எனக்கும் அழுகை வந்துடும்" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். தொழிலுக்கு அது பெரும்பாலும் இடைஞ்சல்தான். தவிக்கிறவர் தன் தவிப்பைத் தணிக்க வழி தேடுவார். அறிவுரை சொல்வார், பேச்சை மாற்றுவார், ஐந்து நிமிடம் முன்பே செஷனை முடிப்பார்.

கார்ல் ரோஜர்ஸ் 1957-இல் எழுதிய கட்டுரையை உங்களுக்குப் பாடமாக வைத்திருப்பார்கள். சிகிச்சையில் மாற்றம் நிகழ என்னென்ன வேண்டும் என்று ஆறு நிபந்தனைகள் போட்டிருப்பார். அதில் ஒத்துணர்வு பற்றிச் சொல்லும்போது, கிளையன்டின் உள்ளுலகைத் தன்னுடையது போல உணர வேண்டும், ஆனால் அந்த "போல" ஒருபோதும் நழுவிவிடக் கூடாது என்கிறார். பரீட்சைக்கு எழுதும்போது எல்லோரும் முதல் பாதியை எழுதிவிடுகிறார்கள். கஷ்டம் முழுவதும் அந்த "போல"வில் இருக்கிறது.

என் கதை ஒன்று சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி மாற்றி. ஐம்பது வயதுக்காரர் ஒருவர், அண்ணன் சொத்தைப் பிரித்த விதத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அந்தச் சமயம் என் வீட்டிலும் ஒரு பாகப்பிரிவினை ஓடிக்கொண்டிருந்தது. அவர் பேசப் பேச எனக்குள் கோபம் ஏறியது. தாடை இறுகியது, அதைக் கவனிக்கவும் இல்லை. "அவர் பண்ணினது அநியாயம்தான், உங்களுக்குக் கோபம் வராம எப்படி இருக்கும்" என்றேன். பாடப்புத்தகப்படி அது உணர்வைப் பிரதிபலிக்கும் வாக்கியம். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இல்ல மேடம், கோபமெல்லாம் இல்ல. அண்ணன் இப்ப எங்கிட்ட பேசறதே இல்ல. அதான்" என்றார். அவர் துக்கத்தில் இருந்தார், கோபம் என்னுடையது. "போல" எப்போது நழுவியது என்றுகூடத் தெரியாமல் என் அண்ணனோடு நான் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

மைண்ட்ஃபுல்னஸ் எனக்கு உதவியது இந்த இடத்தில்தான். அது என்னை இளகிய மனசுக்காரியாக மாற்றிவிடவில்லை. தாடை இறுகுவது அது இறுகும்போதே தெரிய வந்தது, அவ்வளவுதான். தெரிந்துவிட்டால், "இது யாருடைய கோபம்?" என்று கேட்டுக்கொள்ள இரண்டு விநாடி கிடைக்கும். அந்த இரண்டு விநாடியில் பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டிருப்பேன். கிளையன்ட் தானே தொடர்ந்து பேசிவிடுவார்.

மைண்ட்ஃபுல்னஸ் என்ற சொல் இன்று செயலி விளம்பரம் வரை போய்விட்டதால் அதன் வேரை ஒரு வரி சொல்லிவிடுகிறேன். பாலி மொழியில் "சதி" என்று பௌத்தர்கள் சொன்னதை, 1979-இல் ஜான் கபட்-ஜின் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் பல வாரப் பயிற்சியாக வடிவமைத்தார். நாள்பட்ட வலியோடும் மன அழுத்தத்தோடும் வந்த நோயாளிகளுக்காகத் தொடங்கியது அது. நிகழ்ந்துகொண்டிருப்பதை, அது நிகழும்போதே, நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல், வேண்டுமென்றே கவனிப்பது என்று சுருக்கிச் சொல்லலாம். நம் தொழிலில் கவனத்தைப் பற்றிய பேச்சு அதற்கும் பழையது. 1912-இலேயே ஃப்ராய்ட், எதன்மீதும் குறிப்பாகக் குவியாமல் எல்லாவற்றின்மீதும் ஒரே சீராக மிதக்கும் கவனத்தோடு கேளுங்கள் என்று மருத்துவர்களுக்கு எழுதியிருக்கிறார். செஷன் நடக்கும்போது விரிவாகக் குறிப்பெடுக்க வேண்டாம் என்றும் சொன்னார். குறிப்பு நோட்டைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு உட்காரும் மாணவர்களுக்கு இதை நான் அடிக்கடி நினைவூட்டுவேன்.

இனி ஆதாரம். இந்தத் தலைப்பில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது 2007-இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வு. உள்நோயாளிகளுக்கு உளசிகிச்சை தரும் ஒரு மருத்துவமனையில் பயிற்சியில் இருந்த 18 சிகிச்சையாளர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழு ஜென் தியானம் பழகியது, மற்றது பழகவில்லை. 124 நோயாளிகள், ஒன்பது வாரம். தங்கள் சிகிச்சையாளர் தியானம் செய்கிறாரா என்பது நோயாளிகளுக்குத் தெரியாது. முடிவில், தியானம் பழகியவர்களிடம் சிகிச்சை பெற்ற 63 பேருக்கு, மற்ற 61 பேரைவிட அறிகுறிகள் அதிகமாகக் குறைந்திருந்தன. நோயாளி உட்காரவே இல்லை, சிகிச்சையாளர்தான் உட்கார்ந்தார், பலன் நோயாளிக்குப் போயிருக்கிறது. பயிலரங்கில் இந்த ஸ்லைடு வரும்போது கைதட்டல் கேட்பது நியாயம்தான்.

ஆனால் அதே கட்டுரையில் கைதட்டலுக்குள் அமுங்கிப்போகும் ஒரு விவரம் இருக்கிறது. தனிநபர் சிகிச்சையை நோயாளிகளே மூன்று கோணங்களில் மதிப்பிட்டார்கள். என் பிரச்சினை எனக்கே தெளிவானதா, சமாளிக்க வழி தெரிந்ததா, சிகிச்சையாளரோடு உறவு எப்படி இருந்தது. தியானக் குழு தெளிவாக முந்தியது முதல் இரண்டில்தான். உறவு என்ற மூன்றாவதில் அப்படி முந்தவில்லை. "எம்பதி கூடும்" என்பதற்குச் சான்றாகக் காட்டப்படும் ஆய்வு, எம்பதி இருக்க வேண்டிய கோணத்தில் வித்தியாசம் காட்டவில்லை என்பது எனக்கு எப்போதும் சுவாரசியமாகவே இருக்கும். அந்தச் சிகிச்சையாளர்கள் கூடுதலாக உருகினார்கள் என்பதைவிடக் கூடுதலாகக் கேட்டார்கள் என்றே இதை நான் படிக்கிறேன். 18 பேர் மிகச் சிறிய எண்ணிக்கை என்பதையும் மறக்க வேண்டாம்.

இதற்கு ஒரு வருடம் முன்பு, 2006-இல், அமெரிக்காவில் நேர் எதிரான முடிவு ஒன்று வந்தது. பயிற்சியில் இருந்த 23 சிகிச்சையாளர்கள், 144 நோயாளிகள். தங்களுக்கு மைண்ட்ஃபுல்னஸ் அதிகம் என்று வினாத்தாளில் காட்டியவர்களின் நோயாளிகளுக்குப் பலன் குறைவாக இருந்தது! கையேட்டைப் பின்பற்றித் தரும் சிகிச்சை அது. மூச்சையும் உடலையும் கவனித்துக்கொண்டே கையேட்டின் அடுத்த படியைக் கோட்டைவிட்டார்களோ என்னவோ. இன்னொரு சாத்தியமும் உண்டு, வினாத்தாளே கோணல். "ஒரு வேலையைச் செய்யும்போதே வேறெதையோ யோசித்துக்கொண்டிருப்பேன்" என்பது போன்ற வாக்கியங்களுக்கு மதிப்பெண் போடச் சொல்கிறார்கள். தியானம் பழகாதவர் "எனக்கு அப்படியெல்லாம் இல்லை" என்று நிம்மதியாகப் போடுவார். ஆறு மாதம் பழகியவருக்குத்தான் தன் மனம் நிமிடத்துக்கு எத்தனை தடவை ஓடுகிறது என்பது தெரியும். அவர் குறைவாகப் போடுவார். பழகியவர் தோற்று, பழகாதவர் ஜெயிக்கும் பரீட்சை இது. உங்கள் வகுப்புத் தோழர்கள் பாதிப் பேர் இந்த மாதிரி வினாத்தாளைத்தான் கூகுள் ஃபார்மில் சுற்றுக்கு விட்டுக்கொண்டிருப்பார்கள்.

2009-இல் கிரீசன், காஷ்வெல் இருவரும் ஆலோசனைப் பயிற்சி மாணவர்களிடம் செய்த ஆய்வும் உங்களுக்கு உதவும். மைண்ட்ஃபுல்னஸ் அதிகம் உள்ளவர்களுக்கு "என்னால் நன்றாக ஆலோசனை தர முடியும்" என்ற நம்பிக்கை அதிகம். இரண்டையும் இணைக்கும் பாலம் எது என்று தேடினார்கள். ஒத்துணர்வும் கவனமும் வேட்பாளர்கள். பாலமாக நின்றது கவனம்.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குக் கிடைக்கும் படம் இதுதான். தியானம் நேரடியாக வளர்ப்பது கவனத்தை. அந்தக் கவனத்தை நீங்கள் எங்கே செலவழிக்கிறீர்கள் என்பது வேறு கணக்கு. எதிரே இருப்பவர்மேல் செலவழித்தால் ஒத்துணர்வுக்கு இடம் உண்டாகும். உங்கள் மூச்சின்மேலேயே செலவழித்தால், நீங்கள் அமைதியாக இருப்பீர்கள், அவர் தனியாக இருப்பார். அப்படி உட்கார்ந்திருக்கும் ஆலோசகர்களைப் பார்த்திருக்கிறேன். முகத்தில் ஒரு சாந்தம், மெல்லிய புன்னகை, அளந்து விடும் மூச்சு. கிளையன்ட் வெளியே வந்து, "அவங்க நல்லவங்கதான், ஆனா சுவரோட பேசற மாதிரி இருக்கு" என்பார்.

அந்தக் கிளையன்ட் சொல்வதுதான் கணக்கில் வரவேண்டியது. ராபர்ட் எலியட்டும் அவருடைய சகாக்களும் 2018-இல் 82 மாதிரிகளை, ஆறாயிரத்துக்கு மேற்பட்ட கிளையன்ட்டுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஒத்துணர்வுக்கும் சிகிச்சைப் பலனுக்கும் இடையே தொடர்பெண் 0.28. புள்ளியியல் வகுப்பில் படித்தபடி வர்க்கம் எடுத்தால், பலனில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் சுமார் 8 சதவீதம் ஒத்துணர்வோடு சேர்ந்து போகிறது. கேட்கச் சிறியதாகத் தோன்றும், உளசிகிச்சை ஆய்வுகளில் இது கணிசமான எண். அதைவிட முக்கியமாக நான் நினைப்பது வேறு. கிளையன்டின் மனதில் ஓடுவதை ஆலோசகர் எவ்வளவு துல்லியமாக ஊகிக்கிறார் என்று சோதிக்கும் அளவைகள் பலனை அவ்வளவாக முன்னறிவிக்கவில்லை. "இவர் என்னைப் புரிந்துகொள்கிறார்" என்ற உணர்வை அளப்பவை அதைவிட நன்றாக முன்னறிவித்தன. சரியாக ஊகிப்பதற்கு இந்த வேலையில் பரிசு இல்லை. தவறாக ஊகித்து, "இல்ல மேடம்" என்று திருத்தப்பட்டு, அந்தத் திருத்தத்தை ஏற்று நகர்வதைத்தான் பலர் புரிந்துகொள்ளப்பட்டதாக நினைவில் வைத்திருக்கிறார்கள். அண்ணனைப் பற்றிப் பேசிய அந்த ஐம்பது வயதுக்காரர் அடுத்த வாரமும் வந்தார்.

கிளையன்டிடமே கேட்டுவிடலாம் என்றால், நம்மவர்களின் மரியாதை குறுக்கே நிற்கும். "இன்னைக்கு செஷன் எப்படி இருந்துச்சு?" என்றால், "ரொம்ப நல்லா இருந்துச்சு மேடம், மனசு லேசாயிடுச்சு" என்பார்கள். அடுத்த வாரம் வரமாட்டார்கள். அதனால் நான் கேள்வியை மாற்றிவிட்டேன். "நீங்க சொன்னதுல எதையாவது நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னா, அது எந்த இடமா இருக்கும்?" முதல் தடவை விழிப்பார்கள். மூன்றாவது தடவையிலிருந்து சொல்வார்கள்.

களைப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இரண்டு வருடத்தில் கேட்பீர்கள். நரம்பியல் ஆய்வாளர் டானியா சிங்கரின் குழு 2007-இல் மாத்யூ ரிக்கார் என்ற பௌத்த துறவியை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து, பிறர் துன்பத்தை அப்படியே உணர்ந்துகொண்டு மட்டும் இருக்கச் சொன்னது. பல்லாயிரம் மணி நேரம் தியானம் செய்தவர். கொஞ்ச நேரத்தில் தாங்க முடியவில்லை என்றார். பிறகு அந்தத் துன்பத்தில் இருப்பவர்மேல் கருணை செலுத்தும் தியானத்துக்கு மாறியபோது களைப்பு விலகியது என்றார். சாதாரண மனிதர்களுக்குப் பயிற்சி தந்து செய்த பிந்தைய ஆய்வுகளும் அதே பக்கம் சாய்ந்தன. வலியை வாங்கிக்கொள்ளும் பயிற்சி எதிர்மறை உணர்வுகளைக் கூட்டியது, கருணைப் பயிற்சி அதைச் சரிக்கட்டியது. ஆகவே மூச்சைக் கவனிப்பதோடு நிறுத்தாமல், "இவர் நலமாக இருக்கட்டும்" என்ற மைத்ரி பாவனையையும் சேர்த்துப் பழகுங்கள். பக்தி வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது வேண்டுதல் போல இருப்பதால் சுலபமாகவே ஒட்டிக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. ஒரு நாளைக்கு ஒன்பது பேரைப் பார்க்கச் சொல்லி, இடையில் சாப்பிட நேரம் தராமல், வருடத்துக்கு ஒருமுறை ஆலோசகர்களுக்கு மைண்ட்ஃபுல்னஸ் பயிலரங்கு வைக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. ஒன்றில் நானே வேலை பார்த்தேன். ஏழாவது ஆளுக்கு என்னிடம் முகம் இருந்தது, காது இல்லை. எத்தனை தியானம் செய்தாலும் அது சரியாகாது. வேலைப்பளுவைக் குறைக்கக் கேளுங்கள், சூப்பர்விஷன் (மூத்த ஆலோசகரின் வழிகாட்டல்) கேளுங்கள். கேட்டதற்கு "இன்னும் கொஞ்சம் தியானம் பண்ணுங்க" என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

இப்போது உங்களுக்கு என்ன செய்யச் சொல்வேன்? இருபது நிமிடத்தைத் தொடருங்கள், ஆனால் அதில் ஐந்து நிமிடத்தை எடுத்து செஷனுக்கு முன்னால் வையுங்கள். கதவைத் திறப்பதற்கு முன் நாற்காலியில் உட்கார்ந்து, பாதம் தரையில் படுவதைக் கவனித்து, முந்தைய ஆளிடமிருந்து எதைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன் என்று பாருங்கள். செஷனுக்குள் மூச்சைத் தேடிப் போக வேண்டாம். பேச வேண்டும் என்று வாய் துறுதுறுக்கும் அந்தக் கணத்தை மட்டும் பிடிக்கப் பாருங்கள். துறுதுறுப்பு தெரிந்ததும் மூன்று எண்ணுங்கள். அழுகிறவருக்கு அந்த மூன்று எண்ணிக்கை போதுமானதாக இருக்கும், உங்களுக்குத்தான் அது மூன்று நிமிடமாகத் தெரியும். மனம் ஓடியேவிட்டதா, ஒத்துக்கொள்ளுங்கள். "மன்னிச்சிடுங்க, கடைசியா சொன்னது எனக்கு விட்டுப்போச்சு, இன்னொரு தடவை சொல்றீங்களா?" இதைச் சொன்னதற்காக என்னிடம் வருவதை நிறுத்தியவர் இதுவரை ஒருவரும் இல்லை. தலையாட்டிச் சமாளித்த நாட்களில் வராமல் போனவர்கள் உண்டு.

வெர்பேட்டிம் எழுதும்போது ஓரத்தில் ஒரு பத்தி விட்டு, அந்த வரியில் உங்கள் உடம்பு என்ன செய்தது என்று எழுதுங்கள். "வயிறு இறுகியது", "கடிகாரம் பார்த்தேன்". பத்து செஷன் சேர்ந்ததும் சூப்பர்வைசரிடம் எடுத்துப் போங்கள். எந்த மாதிரிப் பேச்சு வரும்போதெல்லாம் நீங்கள் அறையை விட்டு வெளியேறுகிறீர்கள் என்பது அந்த ஓரப் பத்தியில் தெரிந்துவிடும். சிலருக்கு அப்பாவைப் பற்றிய பேச்சு, சிலருக்குப் பணம், சிலருக்கு அழுகை.

விபாசனா போகலாம். பத்து நாள் பேசாமல் இருப்பது காதுக்கு நல்லது. ஆனால் சமீபத்தில் வீட்டில் இழப்போ, பழைய அதிர்ச்சி ஏதாவது கிளறப்பட்டோ இருந்தால் இப்போது வேண்டாம். நீண்ட மௌனத் தியானத்தில் பயமும் தூக்கமின்மையும் பெருகித் தவித்தவர்கள் இருக்கிறார்கள், அதைப் பற்றித் தனி ஆய்வுகளே வந்திருக்கின்றன. விண்ணப்பத்தில் மன நலம் பற்றிக் கேட்பார்கள், மறைக்காமல் எழுதுங்கள். திரும்பி வந்த மறுநாளே கிளையன்ட் பார்க்க ஒத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு நாளாவது பஸ் ஹாரன் சத்தத்துக்குக் காது பழகட்டும்.